என்.எல்.ஆர் எட்டு. சரி, அடுத்து என்ன?

மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. டைட்டில் லிஸ்டை எடுத்துப் பாருங்க. முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடற சிஸ்டம் ஒண்ணு, இலையைப் பார்த்து செடிக்கு என்ன நோய்னு சொல்றது ஒண்ணு, அப்புறம் கண்டிப்பா ஒரு "ஸ்ட்ரோக் ப்ரெடிக்ஷன்". கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் இல்லை, ஈ.சி.ஈ, பயோமெடிக்கல் பசங்களும் இதை எடுக்கிறாங்க. எடுக்கட்டும், நல்லதுதான். வடசென்னையில் இருக்கிற நமக்கு ஸ்ட்ரோக் வெறும் பாடப்புத்தக விஷயம் கிடையாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், எங்கே கேட்டாலும் "அவருக்குக் கை கால் விழுந்துடுச்சுப்பா"ன்னு ஒருத்தரைப் பற்றிச் சொல்வாங்க.

இப்போ அந்த டைட்டில்களில் புதுசா ஒரு விஷயம் சேர்ந்திருக்கு. ஸ்ட்ரோக் வந்து அட்மிட் ஆனவரோட ரத்தப் பரிசோதனையில் இருக்கிற அழற்சிக் குறியீடுகளை வைத்து, மூணு மாசம் கழிச்சு அவர் எழுந்து நடப்பாரா, படுக்கையிலேயே இருப்பாரா, பிழைப்பாரா என்று கணிக்கிறது. அழற்சின்னா வேற ஒண்ணும் இல்லை. காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்குதே, அதுதான். அது மூளைக்குள்ள நடந்தாலும் ரத்தத்தில் தடயம் தெரியும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்த எண்கள் பொய் சொல்லலை. ஆனா அதைப் பார்த்த பிறகு வார்டில் யாரும் எழுந்து போய் எதையும் வித்தியாசமா செய்யப் போறதில்லைன்னா, அது ஜோசியக்காரர் சொல்ற பலன் மாதிரிதான். நாம பண்ற ப்ராஜெக்ட் கணிப்போட நிற்கக் கூடாது. கணிப்புக்கு அடுத்து செய்ய வேண்டிய வேலையில்தான் உயிர் இருக்கு, அங்கேதான் நம்ம மூளையைச் செலவு பண்ணணும்.

ரத்தத்துல அப்படி என்னதான் தெரியுது?

முதல்ல ரெண்டு எண்களைத் தெரிஞ்சுக்கலாம். ஒண்ணு சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிச்ச புரதம் இது. உடம்புல எங்கேயாவது அழற்சி வந்தா, இன்டர்லூக்கின்-6 என்ற ஒரு சமிக்ஞை கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் உடனே சி.ஆர்.பி-யை உற்பத்தி பண்ணி ரத்தத்தில் தள்ளும். சில மணி நேரத்துலயே அளவு பல மடங்கு ஏறும்.

ரெண்டாவது என்.எல்.ஆர். இதுக்குத் தனியா டெஸ்ட்டே கிடையாது. சி.பி.சி-ன்னு எல்லா ஆஸ்பத்திரியிலயும் எடுக்கிற சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களைப் பிரிச்சுக் காட்டுவாங்க. அதுல நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் எத்தனை சதவீதம்னு இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தா என்.எல்.ஆர். நியூட்ரோஃபில் 80, லிம்ஃபோசைட் 10 என்றால் என்.எல்.ஆர் 8. ஆரோக்கியமான ஒருத்தருக்கு இது பெரும்பாலும் 1-லிருந்து 3-க்குள் இருக்கும்.

ஸ்ட்ரோக்கில் இது ஏன் ஏறுது? பெரும்பாலான ஸ்ட்ரோக்குகள் மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைபடறதால வருது. மீதி, குழாய் வெடிச்சு ரத்தம் கசியறதால. பெரிய குழாய் ஒண்ணு அடைபட்டா நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும்னு 2006-ல் ஒரு கணக்குப் போட்டாங்க. செத்த அணுக்கள் அனுப்பற சமிக்ஞையைக் கேட்டு முதல்ல ஓடி வர்றது நியூட்ரோஃபில். சுத்தம் பண்ண வந்தது, வந்த வேகத்துல மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிற தடுப்பையும் சேதப்படுத்தும். வீக்கம் கூடும், சில பேருக்கு உள்ளே கசிவும் வரும். அதே நேரத்துல உடம்பு பெரிய அதிர்ச்சியில் இருக்கிறதால கார்டிசால் ஏறி லிம்ஃபோசைட் எண்ணிக்கை இறங்கும். அதாவது நோய் எதிர்ப்பு சக்தி கீழே போகும். மேல இருக்கிற எண் ஏறுது, கீழ இருக்கிற எண் இறங்குது, விகிதம் எகிறுது.

அட்மிட் ஆகும்போது என்.எல்.ஆர் அதிகமா இருந்தவங்களுக்கு 90 நாள் கழிச்சு நிலைமை மோசமா இருக்குன்னு பல நாடுகளில் ஆய்வுகள் வந்திருக்கு. நிறைய ஆய்வுகள் சீனாவிலிருந்து. "நிலைமை"யை எப்படி அளக்கிறாங்கன்னா, கிளாஸ்கோவில் ராங்கின் என்ற டாக்டர் 1957-ல் கொண்டு வந்த அளவுகோலைத் திருத்தி இப்பவும் பயன்படுத்தறாங்க. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 3 என்றால் மத்தவங்க உதவி கொஞ்சம் வேணும், ஆனா தானா நடக்க முடியும். 5 என்றால் படுத்த படுக்கை. 6 என்றால் இறப்பு.

புது மெஷின் வேண்டாம், புது கிட் வேண்டாம், ஏற்கெனவே கையில் இருக்கிற ரிப்போர்ட்டில் ஒரு வகுத்தல் போட்டா போதும். நமக்கு இது எவ்வளவு கவர்ச்சியா இருக்கும்னு சொல்லவே வேண்டாம். கவர்ச்சியா இருக்கிறதாலதான் கொஞ்சம் நிதானமா பார்க்கணும்.

புது ஃபீச்சரா, பழைய ஃபீச்சரோட நிழலா?

மெஷின் லேர்னிங் பேப்பர் எழுதினவங்களுக்கு இது ஈஸியா புரியும். சேதமான மூளைப் பகுதி எவ்வளவு பெருசோ, அழற்சியும் பெரும்பாலும் அவ்வளவு பெருசு. அப்போ என்.எல்.ஆர் 8 என்பதில் ஒரு பங்கு, "இது பெரிய ஸ்ட்ரோக்" என்று மட்டும்தான் சொல்லுது. அதை டாக்டர் ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பார். கையைத் தூக்கச் சொல்லி, பேசச் சொல்லி, கண்ணை அசைக்கச் சொல்லி, 0-லிருந்து 42 வரைக்கும் மார்க் போடற என்.ஐ.எச்.எஸ்.எஸ் என்ற பரிசோதனை இருக்கு. அதோட வயசையும் சேர்த்தாலே ஓரளவு கணிச்சிடலாம். அதனால நேர்மையான கேள்வி இதுதான்: வயசும் என்.ஐ.எச்.எஸ்.எஸ்-ஸும் இருக்கிற மாடலில் என்.எல்.ஆரைச் சேர்த்தா கணிப்பு எவ்வளவு கூடுது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுமை இல்லாத ரிப்போர்ட்.

இன்னொரு சிக்கல் கட்-ஆஃப். ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு எல்லைக்கோடு சொல்லுது. பல நேரம் அதே டேட்டாவில் எந்த எண் நல்லா பிரிக்குதுன்னு பார்த்து அதையே கட்-ஆஃப்னு எழுதிடறாங்க. பரீட்சைக் கேள்வியைப் பார்த்துட்டு சிலபஸ் முடிவு பண்ற மாதிரி. அடுத்த ஊர் டேட்டாவில் அந்த எண் நிற்குமான்னு பார்க்காம நம்ம ஆப்பில் எழுதக் கூடாது.

நம்ம ஏரியா ரத்தம்

இந்த "அடுத்த ஊர்" விஷயம் வடசென்னைக்கு ரொம்ப முக்கியம். சி.ஆர்.பி-யும் என்.எல்.ஆரும் மூளையிலிருந்து மட்டும் வர்ற செய்தி கிடையாது. பல் ஈறு வீங்கினாலும் சி.ஆர்.பி ஏறும். டி.பி. இருந்தா ஏறும். புகை பிடிக்கிறவங்களுக்கு, உடல் பருமன் உள்ளவங்களுக்கு, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஸ்டீராய்டு மருந்து போட்டிருந்தா நியூட்ரோஃபில் ஏறி என்.எல்.ஆரும் ஏறும்.

அப்புறம் காற்று. பி.எம். 2.5 என்று சொல்ற நுண்தூசி நுரையீரல் வழியா போய் உடம்பு முழுக்க அழற்சியைத் தூண்டும். நீண்ட காலம் சுவாசிச்சா ஸ்ட்ரோக் அபாயமும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வருட சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லிச்சு. இந்தியாவோட சட்டப்படியான வரம்பு 40. எட்டு மடங்கு வித்தியாசம். மணலியை 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிக மோசமா மாசடைந்த 43 தொழிற்பகுதிகளில் ஒண்ணா சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவினதும், அதே மாசம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிஞ்சு ஜனங்க வீட்டை விட்டு ஓடினதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

இந்த ஏரியாவில் முப்பது வருஷம் லோடு தூக்கின ஒருத்தரோட ரத்தத்தில், ஸ்ட்ரோக் வர்றதுக்கு முந்தின நாளே இந்த எண்கள் எவ்வளவு இருந்திருக்கும்? வேறொரு நகரத்து நோயாளிகளை வைத்துப் போட்ட எல்லைக்கோட்டை அவர் மேல அப்படியே வைக்கிறது நியாயமா? நம்ம ஆளுங்களோட டேட்டாவில் சரிபார்க்காத மாடல் நம்ம ஆளுங்களுக்குப் பொருந்தும்னு எடுத்துக்க முடியாது.

ஆயில் லைட்டைக் கழட்டினா எஞ்சின் சரியாகுமா?

"சரி, அழற்சிதான் கெடுதல் பண்ணுதுன்னா அதை மருந்து கொடுத்துக் குறைச்சிடலாமே?" நல்ல கேள்வி. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்தாங்க. முடிவுகளைப் படிச்சா நமக்குக் கொஞ்சம் பணிவு வரும்.

நியூட்ரோஃபில்கள் மூளைக்குள் நுழையறதைத் தடுக்க என்லிமோமாப் என்ற மருந்தை 625 பேரிடம் சோதிச்ச முடிவு 2001-ல் வந்தது. மருந்து வாங்கினவங்களுக்கு நிலைமை மோசமாச்சு. இறப்பும் காய்ச்சலும் அதிகம். 2015-ல் நெதர்லாந்தில் 2,500-க்கும் மேற்பட்ட ஸ்ட்ரோக் நோயாளிகளிடம், தொற்று வர்றதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தாங்க. தொற்று குறைஞ்சது. ஆனா மூணு மாசம் கழிச்சு அவங்க நடமாடற நிலையில் எந்த முன்னேற்றமும் இல்லை.

2024-ல் இன்னும் ரெண்டு. கவுட் என்ற மூட்டு நோய்க்குக் கொடுக்கிற கோல்ச்சிசின், இதய நோயாளிகளுக்குப் பலன் கொடுத்த மருந்து. அதை ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. ஐரோப்பாவை மையமா வைத்து 3,154 பேரிடம் நடந்த கன்வின்ஸ் ஆய்வில் சி.ஆர்.பி குறைஞ்சது. ஆனா நோயாளிக்குக் கிடைச்ச பலன் நிச்சயமா சொல்ற அளவுக்கு வரலை. சீனாவில் சான்ஸ்-3 ஆய்வில், சி.ஆர்.பி 2-க்கு மேல இருந்தவங்களை மட்டுமே பொறுக்கி எடுத்து, 8,343 பேரிடம் சோதிச்சாங்க. 90 நாளில் மறுபடி ஸ்ட்ரோக் வந்தவங்க மருந்து எடுத்த குழுவில் 6.3 சதவீதம், எடுக்காத குழுவில் 6.5 சதவீதம். ஏறக்குறைய ஒண்ணுதான்.

பைக்ல ஆயில் லைட் எரியுது. பல்பைக் கழட்டிட்டா லைட் எரியாது, ஆனா எஞ்சின் சீஸ் ஆகத்தான் போகுது. சி.ஆர்.பி நிறைய இடத்துல அந்த பல்பு. அதுக்காக இந்தத் துறையே வீண்னு நான் சொல்லலை. சரியான மருந்து, சரியான நேரம், சரியான நோயாளி என்று மூணும் சேரும்போது நாளைக்கு ஒண்ணு ஜெயிக்கலாம். இன்னைக்கு வார்டில் படுத்திருக்கிறவருக்கு என்ன பண்றதுன்னு மட்டும்தான் நான் கேட்கிறேன்.

காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல்

அதுக்குப் பதில் ஆஸ்திரேலியாவில் இருக்கு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஸ்ட்ரோக் வார்டுகளில் நடந்த க்யூ.ஏ.எஸ்.சி என்ற ஆய்வு, 2011-ல் லான்செட் இதழில் வந்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. சில வார்டுகளில் நர்ஸ்களுக்கு மூணு விஷயத்தில் பயிற்சி கொடுத்தாங்க. முதல் 72 மணி நேரம் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜுரம் பார்க்கணும், 37.5 டிகிரியைத் தொட்டா பாராசிட்டமால். அதே மாதிரி சர்க்கரை பார்க்கணும், ஏறினா இன்சுலின். நோயாளியால ஒழுங்கா விழுங்க முடியுதான்னு 24 மணி நேரத்துக்குள் சோதிக்கணும். அவ்வளவுதான்.

90 நாள் கழிச்சுப் பார்த்தா, இறந்தவங்க அல்லது குறைபாட்டோட இருந்தவங்க பயிற்சி கிடைச்ச வார்டுகளில் 42 சதவீதம், கிடைக்காத வார்டுகளில் 58 சதவீதம். நூறு பேருக்கு பதினஞ்சு பேருக்கும் மேல வித்தியாசம். மேல சொன்ன மருந்து எதுவும் இதுக்குக் கிட்டக்கூட வரலை.

2023-ல் இன்டராக்ட்-3 என்ற ஆய்வு மூளை ரத்தக்கசிவு வந்தவங்களிடம் இதே மாதிரி ஒரு கூட்டு சிகிச்சையைச் சோதிச்சது. பி.பி-யைச் சீக்கிரம் குறைக்கிறது, சர்க்கரை, ஜுரம், ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மருந்தோட விளைவை மாற்றறது, எல்லாம் சேர்த்து. 10 நாடுகள், 7,036 நோயாளிகள். அதுல இந்தியாவும் உண்டு, இலங்கையும் உண்டு. அங்கேயும் பலன் கிடைச்சது. அதாவது இது பணக்கார நாட்டுக்கு மட்டும் ஆன வைத்தியம் கிடையாது.

இப்போ என்.எல்.ஆருக்குத் திரும்ப வாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆஸ்பத்திரியில் ஏதாவது தொற்று வருது, 10 சதவீதம் பேருக்கு நிமோனியா. தொண்டைத் தசை பலவீனமா இருக்கும்போது தண்ணியோ கஞ்சியோ மூச்சுக்குழாய்க்குள் போயிடும். கூடவே லிம்ஃபோசைட் குறைஞ்சு எதிர்ப்பு சக்தியும் இல்லை. மூணாவது நாள் ஜுரம், நெஞ்சுல சளி, நிமோனியா. என்.எல்.ஆர் ஏறி இருக்குன்னா, "இவரோட பாதுகாப்பு கீழே இருக்கு, நுரையீரலைக் கவனி"ன்னு அர்த்தம் எடுத்துக்கலாம். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை விட, முதல் நாளும் மூணாவது நாளும் எடுத்து ஏறுதா இறங்குதான்னு பார்க்கிறது உபயோகம். இப்படிப் படிச்சா அந்த எண்ணுக்கு ஒரு வேலை இருக்கு.

நம்ம ஊர்ல யாராவது மயங்கி விழுந்தா முதல்ல என்ன பண்றோம்? தண்ணி கொடுக்கிறோம். இல்லைன்னா சோடா, காபி. வார்டில் கூட இருக்கிற சொந்தக்காரங்க பாசத்துல படுத்திருக்கிற மனுஷனுக்கு அப்படியே இட்லியைத் தண்ணியில் கரைச்சு ஊட்டறாங்க. "ஒண்ணுமே சாப்பிடலையே, தெம்பு வேண்டாமா?" அவங்களைக் குறை சொல்ல முடியாது. விழுங்கற சோதனை முடியற வரைக்கும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு அவங்களுக்குப் புரியற தமிழ்ல, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்ல ஆள் வேணும். கூட்டம் நிறைஞ்ச வார்டில் ஒரு நர்ஸ் எத்தனை பேருக்குச் சொல்வாங்க? இது நாம தீர்க்கக்கூடிய இன்ஜினியரிங் பிரச்சினை.

95 சதவீதம் என்ற மாயை

நம்ம பசங்க இப்போ செய்யறது என்ன? காகிளில் இலவசமா கிடைக்கிற ஸ்ட்ரோக் டேட்டாசெட்டை டவுன்லோட் பண்றாங்க. 5,110 வரிசை. அதுல ஸ்ட்ரோக் வந்தவங்க 249 பேர். "யாருக்கும் ஸ்ட்ரோக் வராது"ன்னு ஒரே ஒரு வரி கோடு எழுதினாலே அக்யூரசி 95 சதவீதம் வந்துடும்! அந்த மாடல் ஸ்ட்ரோக் வந்த ஒருத்தரைக்கூடப் பிடிச்சிருக்காது. ஆனா பி.பி.டி-யில் 95 பெருசா, பச்சைக் கலர்ல இருக்கும்.

அந்த டேட்டாவில் சி.ஆர்.பி இல்லை, வெள்ளை அணுக்கள் இல்லை, எத்தனை மணிக்கு அட்மிட் ஆனார்னு இல்லை, மூணு மாசம் கழிச்சு என்ன ஆனார்னும் இல்லை. கல்யாணம் ஆச்சான்னு மட்டும் இருக்கு. அதை வச்சு வர்ற முடிவை எந்த டாக்டர் கையில் கொடுக்க முடியும்?

நம்பர் வீட்டுக்குள்ள போனா

எனக்கு இதுல பயம் தர்ற விஷயம் வேற. எங்க தெருவில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தா, இன்ஜினியரிங் படிக்கிற பசங்களுக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போட்டோ வந்துடும். "தம்பி, இதுல எச்-னு போட்டிருக்கே, என்னாப்பா அது?" அவங்களுக்கு நாம படிச்ச பிள்ளைங்க. நாம சொல்ற பதிலுக்கு நாம நினைக்கிறதை விட வெயிட் அதிகம்.

நாளைக்கு ஒரு ஆப், "மோசமான விளைவுக்கு வாய்ப்பு 78 சதவீதம்"னு காட்டுதுன்னு வைங்க. சம்பாதிக்கிறவர் படுத்துட்டார், தினக்கூலி நின்னு போச்சு, தோடு அடகுக் கடையில் இருக்கு. பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா ஆட்டோ காசு, கூட வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அந்த வீட்டில் 78 என்ற எண் என்ன பண்ணும்? "எதுக்கு வீணா?"ன்னு ஒரு பேச்சு ஆரம்பிக்கும். பயிற்சி நிற்கும். கை இறுகிப் போகும். மூணு மாசம் கழிச்சு மாடல் சொன்னது பலிச்சிடும். அதை நாம "கரெக்ட் ப்ரெடிக்ஷன்"னு கணக்குல சேர்த்துப்போம். கூட்டத்துக்குச் சொல்ற சராசரியைத் தனி மனுஷன் தலையில் தீர்ப்பா எழுதறது ஆபத்து. 100 பேரில் 78 பேர் என்றால், மீதி 22 பேரில் அவரும் இருக்கலாம். அந்த வாய்ப்பை எடுத்துடற உரிமை நமக்கு இல்லை.

"அப்போ டாக்டருக்குக்கூட இந்த எண் வேண்டாமா? ஐ.சி.யூ படுக்கை குறைவு, யாரை முதல்ல கவனிக்கணும்னு தெரிய வேண்டாமா?"ன்னு கேட்கலாம். வேணும். அதனாலதான் அது கவனிப்பைக் கூட்டறதுக்கு மட்டும் பயன்படணும்னு சொல்றேன். ஆபத்து அதிகம்னு காட்டினா ஜுரம் பார்க்கிற இடைவெளி குறையணும், நெஞ்சைப் பரிசோதிக்கிறது கூடணும். கையை விடறதுக்கு அது காரணமா ஆகக் கூடாது. யார் திரையில் எந்த எண் தெரியணும்னு முடிவு பண்றதும் டிசைன்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

குறை மட்டும் சொல்லிட்டுப் போகலை. இந்த வருஷமே செய்யக்கூடிய நாலு விஷயம்:

ஒண்ணு, நர்ஸ் கையில் இருக்கிற ஒரு சின்ன டைமர். எந்தப் படுக்கைக்கு எப்போ ஜுரம், சர்க்கரை பார்க்கணும், விழுங்கற சோதனை முடிஞ்சுதா இல்லையா என்று காட்டணும். நெட் இல்லைன்னாலும் வேலை செய்யணும். படுக்கை மேல சிவப்பு, பச்சை லைட் வச்சாலே பாதிப் பிரச்சினை தீரும். சிவப்பா இருந்தா வாயில் எதுவும் கொடுக்காதேன்னு எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்.

ரெண்டு, கூட இருக்கிறவங்களுக்குத் தமிழில் குரல் செய்தி. நம்ம ஏரியா பேச்சுல. "உட்கார வச்சு மட்டும்தான் ஊட்டணும், இருமினா நிறுத்திடுங்க, நர்ஸைக் கூப்பிடுங்க." அதே மாதிரி வீட்டுக்குப் போன பிறகு செய்ய வேண்டிய பயிற்சிக்கும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து வீட்டு வாசல்லயே பி.பி., சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் கொண்டு வருது. அதோட இணையற மாதிரி யோசிக்கலாம்.

மூணு, கணிப்பு மாடல்தான் பண்ணுவேன்னா, ஒழுங்கா பண்ணுங்க. வயசும் என்.ஐ.எச்.எஸ்.எஸ்-ஸும் மட்டும் இருக்கிற மாடலை முதல்ல வைங்க, அதுக்கு மேல என்.எல்.ஆர் எவ்வளவு சேர்க்குதுன்னு காட்டுங்க. அக்யூரசியை மட்டும் காட்டாம, நிஜமா வந்தவங்களில் எத்தனை பேரைப் பிடிச்சீங்க, 30 சதவீதம்னு சொன்னவங்களில் நிஜமாவே 30 சதவீதம் பேருக்குத்தான் வந்துதான்னு காட்டுங்க. ஆஸ்பத்திரி டேட்டா வேணும்னா தெரிஞ்ச அண்ணன் மூலமா எக்ஸெல் ஷீட் வாங்கறது வழி இல்லை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கணும். மருத்துவ ஏ.ஐ-க்கு ஐ.சி.எம்.ஆர் 2023-ல் வெளியிட்ட நெறிமுறைகளை எடுத்துப் படிங்க. ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு மருத்துவமனை நம்ம ஏரியாவிலேயே இருக்கு. முறையா ஒரு டாக்டரை கோ-கைடா கேட்கிறதுக்கு ஒரு லெட்டர்தான் செலவு.

நாலு, ஆஸ்பத்திரிக்கு முன்னாடி இருக்கிற நேரம். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும். அதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவான்னு பார்த்தாகணும். எண்ணூரிலிருந்து ஸ்டான்லிக்கு சுமார் 15 கிலோமீட்டர்தான். கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிற்கிற எக்ஸ்பிரஸ் ரோட்டில் அந்த 15 கிலோமீட்டர் எவ்வளவு நேரம்னு நமக்குத் தெரியும். எந்த நேரத்துல எந்த ரோடு, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கணும், இதையெல்லாம் ஒரு டீம் எடுத்து ஆராயலாம். ரத்தத்தில் அழற்சி ஏறாம இருக்க ரொம்ப உறுதியான வழி, மூளை அணுக்கள் கம்மியா சாகறது.

இதைப் படிக்கிற எல்லாருக்கும், ப்ராஜெக்ட் இல்லாத ஜூனியர்களுக்கும் சேர்த்து: ஒருத்தருக்குத் திடீர்னு முகம் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை தொங்கினா, பேச்சு குழறினா, மணியைப் பார்த்துக்கோங்க. கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணிக்குன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, டாக்டர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். 108-க்கு போன் பண்ணுங்க. வாயு பிடிச்சிருக்குன்னு எண்ணெய் தேய்க்கிறது, புறா ரத்தம் தடவறது, விடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு படுக்க வைக்கிறது, எதுவும் வேண்டாம். தண்ணிகூடக் கொடுக்காதீங்க.

அப்புறம் அடுத்த ரிவ்யூவில் யாராவது ரத்த மார்க்கர் மாடலோட வந்து நின்னா, அக்யூரசி எவ்வளவுன்னு கேட்காதீங்க. "இந்த நம்பர் ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. டியூட்டியில் இருக்கிற நர்ஸ் அக்கா அடுத்து என்ன செய்யணும்?"னு கேளுங்க. பதில் இருந்தா கைதட்டுங்க. இல்லைன்னா, உட்கார்ந்து சேர்ந்து யோசிங்க.